வெளிநாட்டில் மனிதர்களைச் சம்பாதிப்பது: மதுக்கூடம் பக்கம் போகாதவர்களுக்கு

வெளிநாட்டில் போய் இறங்கிய மூன்றாவது வாரம் ஒரு மாதிரியானது. வீடு கிடைத்திருக்கும், வங்கிக் கணக்கு திறந்தாயிற்று, எந்த ரயில் எங்கே போகும் என்பதும் பிடிபட்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் எல்லோரும் மதுக்கூடத்துக்குக் கிளம்புவார்கள். உங்களுக்குக் குடிக்கும் பழக்கமில்லை, அல்லது அந்த இரைச்சல் ஒத்துவரவில்லை, அல்லது அதற்குச் செலவழிக்க மனமில்லை. காரணம் எதுவானாலும், ஞாயிறு இரவு யோசித்துப் பார்த்தால் இரண்டு நாளில் நீங்கள் வாய் திறந்து பேசியது கடைக்காரரிடம் சொன்ன ஒரு நன்றி மட்டுமே.

நானும் அப்படி இருந்தவன்தான். முதல் நான்கு மாதம் வாரத்துக்கு ஒரு புதிய நிகழ்ச்சி என்று ஓடினேன். ஒரு வாரம் ஓவியப் பயிற்சி, அடுத்த வாரம் மலையேற்றம், அதற்கடுத்த வாரம் வெளிநாட்டவர் சந்திப்பு. பெயர் சொல்லிக் கைகுலுக்கியவர்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். பிறகு ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது, மருந்து வாங்கித் தரச் சொல்லிப் போன் செய்ய ஒரு பெயர்கூடத் தோன்றவில்லை. கூச்சத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் தப்பு நடந்தது கணக்கில்.

முதல் படி: மணிக்கணக்கு

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அண்மையில் ஊர் மாறிய பெரியவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களையும் வைத்துச் செய்தது. அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும்; தயங்காமல் நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம்; நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். வேலைக்காகச் சேர்ந்திருக்கும் நேரம் இந்தக் கணக்கில் பெரிதாக ஏறுவதில்லை என்றும் அவர் கண்டார். பக்கத்து மேசைக்காரரோடு தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தும் அவர் பக்கத்து மேசைக்காரராகவே இருப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இதை வகுத்துப் பாருங்கள். ஒரே ஆளை வாரம் 2 மணி நேரம் பார்த்தால் 50 மணி நேரம் சேர 25 வாரம், அதாவது அரை வருடம். அதே ஆளோடு வார இறுதியில் கூடுதலாக 3 மணி நேரம் கழித்தால் 10 வாரம் போதும். வாரம் ஒரு புதிய கூட்டத்துக்குப் போனால்? எந்த ஆளோடும் 2 மணி நேரத்துக்கு மேல் சேராது. நான் செய்தது அதைத்தான்.

ஆக, செய்ய வேண்டியவை இரண்டு. ஒரே முகங்களை வாராவாரம் பார்க்கும்படி ஓர் இடத்தைப் பிடிப்பது. பிறகு அந்த முகங்களில் ஒன்றிரண்டை அந்த இடத்துக்கு வெளியே கொண்டுவருவது.

கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மோர்லண்ட், பீச் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வில், தோற்றத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரியான நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஒருவர் ஒருமுறைகூடப் போகவில்லை. மற்றவர்கள் 5, 10, 15 முறை போனார்கள். யாரிடமும் பேசக் கூடாது என்பது நிபந்தனை. பருவ முடிவில் மாணவர்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரையே அதிகம் பிடித்திருந்தது. வாயே திறக்காமல் வந்து உட்கார்ந்ததற்கு இவ்வளவு பலன். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். நமக்கு இன்னும் பால் வந்தே சேரவில்லை, புளிப்பதைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். முகம் பார்க்காமலே நட்பு வளர்த்த பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் இந்த விஷயத்தில் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: இடம் பிடிப்பது

எந்தக் குழுவைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வாராவாரம் நடக்கிறதா? அதே ஆட்கள் திரும்ப வருகிறார்களா? கைக்கோ காலுக்கோ ஏதாவது வேலை இருக்கிறதா? வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாமா? கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். குளிர்காலத்தில் மழை பெய்யும் மாலையில் இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும் என்றால் மூன்றாவது வாரமே போகாமலிருக்கக் காரணம் கிடைத்துவிடும்.

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். ‘சந்திப்பு’ என்பதற்காகவே கூட்டப்படும் சந்திப்புகள் கடினமானவை. நின்றபடியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியாக வேண்டும், பேச்சு தீர்ந்தால் ஒதுங்க இடமில்லை. அங்கே எல்லோர் கையிலும் ஒரு கோப்பை இருப்பது தற்செயலல்ல; கையை எங்கே வைப்பது என்ற சிக்கலுக்கு மது ஒரு பழைய விடை. கைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் கோப்பை தேவைப்படாது.

உலகின் பல நாடுகளில் கிடைக்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

பார்க்ரன். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடியதில் தொடங்கியது. இப்போது 20க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. இணையத்தில் ஒருமுறை பதிவு செய்து, தரும் பார்கோடை எடுத்துக்கொண்டு போனால் போதும். ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நடக்கலாம். கடைசியில் நடந்து வரவே ஒரு தன்னார்வலர் இருப்பதால் நீங்கள் கடைசி ஆளாகவும் ஆக முடியாது. என் யோசனை: முதல் வாரம் நடங்கள், இரண்டாம் வாரம் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். அதிலும் பார்கோடு ஸ்கேன் செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் யாரையும் தேடிப் போக வேண்டாம், முடித்தவர்கள் ஒவ்வொருவராக உங்களிடம் வருவார்கள். முடிந்த பின் பக்கத்துக் காபிக் கடைக்கு ஒரு கூட்டம் போகும். அதைத் தவறவிடாதீர்கள், ஓட்டத்தைவிட அதுதான் நமக்கு வேண்டியது.

டோஸ்ட்மாஸ்டர்ஸ். 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய மேடைப்பேச்சுக் கழகம்; 140க்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள் உண்டு. விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம், பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் நேரம் குறிப்பவர், பேச்சில் எத்தனை ‘ஆ’, ‘ம்’ வந்தது என்று எண்ணுபவர் என ஆளுக்கொரு வேலை பிரித்துத் தருவதால் புதியவருக்கும் உடனே ஓர் இடம் கிடைத்துவிடும். மேடையில் தடுமாறுவதை வாராவாரம் ஒருவர் முன் ஒருவர் செய்கிறவர்களுக்கு இடையே ஒட்டுதல் சீக்கிரம் வரும். உள்ளூர் மொழி இன்னும் வசப்படாதவர்களுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் கிளைகள் பல நகரங்களில் உண்டு.

சேர்ந்திசைக் குழு. குரல் சோதனை இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் குழுக்களைத் தேடுங்கள். பாட்டு வகுப்புகளையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் ஒப்பிட்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. முடிவில் எல்லா வகுப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவு நெருங்கியிருந்தார்கள். ஆனால் பாடியவர்கள் தொடக்கத்திலேயே வேகமாக நெருங்கிவிட்டார்கள். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்திருப்பவருக்கு அந்த வேகம் பெரிய விஷயம். உங்கள் குரல் எப்படி என்று கேட்காதீர்கள். நாற்பது பேர் நடுவில் யாருக்கும் தெரியாது.

ஜோடி நடன வகுப்பு. சல்சா, ஸ்விங் போன்றவற்றில் பல வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடி மாற்றுவார்கள். தனியாகவே போகலாம். ஒரு மணி நேரத்தில் பத்துப் பேரிடம் பெயர் சொல்லி, பத்துப் பேரின் காலை மிதித்து, பத்துப் பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். வகுப்புக்குப் பிறகான நடன இரவுகள் பெரும்பாலும் மதுக்கூடங்களில் நடக்கும். வகுப்பு மட்டும் பொது மண்டபத்தில் நடக்கும் இடமாகப் பாருங்கள்.

ரிப்பேர் கஃபே. 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கியது. பழுதான விளக்கையோ கிழிந்த பையையோ கொண்டுபோனால், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து சரிசெய்வார். பழுதுபார்க்கத் தெரிந்தவர் என்றால் மேசைக்கு மறுபக்கம் போய்விடுங்கள். வாழ்நாளெல்லாம் அதே தெருவில் இருந்தவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பெரும்பாலான இடங்களில் மாதம் ஒருமுறைதான் நடக்கும் என்பது குறை.

மொழிப் பரிமாற்றம். டேண்டம், ஹலோடாக் போன்ற செயலிகள் இதற்கென்றே இருக்கின்றன. பல நூலகங்களில் வாராந்தர உரையாடல் வட்டமும் நடக்கும். நான் நூலகத்தைத்தான் சொல்வேன். செயலியில் மொழியைச் சாக்காக வைத்துக் காதல் தேடுகிறவர்கள் கணிசம், பெண்களுக்கு அது பெரிய தொல்லை. ஒருவரோடு தனியாகச் செய்வதாக இருந்தால் கடிகாரம் வைத்து அரை மணி நேரம் அவர் மொழி, அரை மணி நேரம் உங்கள் மொழி என்று கறாராகப் பிரியுங்கள். பிரிக்காவிட்டால் யாருக்கு நன்றாகப் பேச வருகிறதோ அந்த மொழியிலேயே பேச்சு போய்விடும், மற்றவர் இரண்டாம் வாரம் வர மாட்டார்.

பலகை விளையாட்டுக் குழுக்களும் நல்லவை, குறிப்பாக எல்லோரும் ஒரே அணியாக ஆடும் வகை. சதுரங்கக் கழகத்தை நட்புக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்: இரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். உடற்பயிற்சிக் கூடமும் பயனில்லை, எல்லோர் காதும் அடைத்திருக்கும். உள்ளரங்கப் பாறையேற்றம் விதிவிலக்கு. ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் கீழே இளைப்பாறிக்கொண்டு எங்கே கால் வைப்பது என்று பேசிக்கொண்டிருப்பார்கள், அந்தப் பேச்சில் யாரும் நுழையலாம்.

தன்னார்வப் பணி பற்றி இரண்டே எச்சரிக்கை. சில நாடுகளில் சம்பளமில்லாத வேலையும் விசா விதிப்படி வேலைதான். சேருமுன் உங்கள் விசா நிபந்தனையைப் படியுங்கள். குழந்தைகள், முதியோர் தொடர்பான பணிகளுக்குப் பின்புலச் சோதனை கேட்பார்கள், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். உடனே ஆள் வேண்டும் என்றால் பூங்காப் பராமரிப்பு, சமூகத் தோட்டம் போன்றவை எளிது.

நிகழ்ச்சி அறிவிப்பில் ‘இடம்’ என்ற வரியைக் கடைசியாக அல்ல, முதலில் படியுங்கள். புத்தக வாசிப்பு என்று போட்டுவிட்டு மதுக்கூடத்தின் மாடியில் நடத்துவார்கள். உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் ஓட்டக் குழுவைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 1938இல் கோலாலம்பூரில் தொடங்கிய அருமையான கூட்டம்தான். ஆனால் ‘ஓடும் கோளாறு உள்ள குடிகாரர் சங்கம்’ என்று தங்களைத் தாங்களே கிண்டலடித்துக்கொள்பவர்கள்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

மீட்அப் போன்ற தளங்களில் ஆங்கிலத்தில் தேடினால் கிடைப்பவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலவே வந்து சேர்ந்தவர்கள். தொடக்கத்துக்கு அது நல்லதுதான், அவர்களுக்கும் ஆள் தேவை. ஆனால் அவர்கள் போய்விடுவார்கள். ஒப்பந்தம் முடிந்து ஒரே கோடையில் வட்டம் முழுக்கக் காலியாவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் உள்ளூர் மொழியில் தேடக் கற்றுக்கொள்ளுங்கள். ‘சேர்ந்திசை’, ‘நடைக்குழு’, ‘தொடக்க நிலை’ ஆகிய மூன்று சொற்களுக்கு அந்த நாட்டு மொழியில் என்ன என்று கேட்டு, பக்கத்தில் உங்கள் பேட்டையின் பெயரைச் சேர்த்துத் தேடினால் வேறு ஓர் ஊரே திறக்கும்.

அந்த நாட்டில் பொழுதுபோக்கு எந்த வடிவத்தில் இயங்குகிறது என்பதையும் அலுவலகத்தில் ஒருவரிடம் கேளுங்கள். ஜெர்மனியில் பதிவு செய்த சங்கங்களே 6 லட்சத்துக்கும் மேல். மேசைப்பந்து ஆடவும் பலர் சங்கத்தில் உறுப்பினராகிறார்கள். அங்கெல்லாம் கையெழுத்திடுமுன் விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆண்டு முழுக்கச் சந்தா கட்ட நேரும். பிரான்ஸில் செப்டம்பர் தொடக்கத்தில் பல ஊர்களில் எல்லாச் சங்கங்களும் ஒரே இடத்தில் மேசை போட்டு ஆள் சேர்க்கும் நாள் ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் பல வகுப்புகள் நிரம்பிவிடும். ஐரோப்பாவின் பல இடங்களில் செப்டம்பரும் ஜனவரியும்தான் புதிய வகுப்புகளின் காலம்.

இணையம் வேண்டாம் என்றால் நூலகத்தின் அறிவிப்புப் பலகை. இணையத்தில் தங்களை விளம்பரம் செய்யத் தெரியாத குழுக்கள்தான் அங்கே இருக்கும். பெரும்பாலும் சிறந்தவை அவையே.

நான்காம் படி: முதல் நாள்

பத்து நிமிடம் முன்னால் போங்கள். நடுவில் நுழைந்தால் வட்டங்கள் கூடியிருக்கும், முதுகுகள்தான் தெரியும். முன்னால் போனால் நாற்காலி போடுகிறவர் ஒருவர் மட்டும் இருப்பார். “நானும் எடுத்துப் போடட்டுமா?” என்று கேளுங்கள். ஐந்தாவது நாற்காலிக்குள் பெயர், ஊர், எப்போது வந்தீர்கள் எல்லாம் பேசி முடித்திருப்பீர்கள். நாற்காலி போடுகிறவர்தான் பெரும்பாலும் அந்தக் குழுவின் தூண், பிறகு வருகிறவர்களுக்கு அவரே உங்களை அறிமுகப்படுத்துவார்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் இரு கூட்டாளிகளும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் செய்து 1950இல் வெளியிட்ட ஆய்வில், மாடிப்படி அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியில் நண்பர்கள் அதிகம் இருந்தார்கள். குணத்தால் வந்த நட்பல்ல, எல்லோரும் அந்த வழியாகப் போனதால் வந்த நட்பு. ஒரு மண்டபத்தில் மாடிப்படி அடி என்பது காபி வைத்திருக்கும் மேசை, கையெழுத்துப் போடும் இடம், காலணி மாற்றும் பெஞ்சு. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு போனைப் பார்க்காதீர்கள்.

பேசுவதற்கு என்ன இருக்கிறது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கையில் இருக்கும் வேலையைப் பற்றியே கேளுங்கள்: “இந்தக் குழுவுக்கு எத்தனை நாளாக வருகிறீர்கள்?”, “இந்த இடம் எனக்குப் பிடிபடவே இல்லை, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?” உதவி கேட்டால் மனிதர்களுக்குப் பிடிக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் பெயர்களை எழுதிவையுங்கள், பெயரோடு ஓர் அடையாளமும்: ‘சிவப்புச் சைக்கிள், மகன் நீச்சல்’. அடுத்த வாரம் “மகன் நீச்சல் போட்டி என்ன ஆயிற்று?” என்று கேட்கிறவரை யாரும் மறப்பதில்லை.

திரும்பி வரும் வழியில் ‘உளறிவிட்டேன், அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று தோன்றும். அது எல்லோருக்கும் தோன்றுவது. முதல் உரையாடலுக்குப் பிறகு, எதிரில் இருந்தவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அந்த இரவின் தீர்ப்பை நம்பி இரண்டாம் வாரம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஆறு வாரம் கொடுங்கள். ஆறு வாரமும் தவறாமல் போயும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை என்றால் குழு சரியில்லை, வேறு பாருங்கள்.

ஐந்தாம் படி: மண்டபத்துக்கு வெளியே

பெரும்பாலானவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். இரண்டு வருடம் சேர்ந்து பாடியும் ஒருவர் வீட்டை ஒருவர் பார்க்காமல் இருக்க முடியும். வெளியே வர யாராவது முதலில் கேட்க வேண்டும். உள்ளூர்க்காரர் கேட்க மாட்டார். அவருக்குப் பள்ளிக்கால நண்பர்கள், குடும்பம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. உங்களிடம் அவருக்கு வெறுப்பு ஒன்றுமில்லை, தேவைதான் இல்லை. ஆகவே கேட்பது உங்கள் வேலை.

“ஒருநாள் சந்திப்போம்” என்பது அழைப்பே அல்ல, விடைபெறும் சொல். நாள், இடம், முடியும் நேரம் மூன்றும் இருக்க வேண்டும். “சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆற்றங்கரையில் நடக்கப் போகிறேன், ஒரு மணிக்குள் முடிந்துவிடும், வருகிறீர்களா?” வராவிட்டாலும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள் என்பது அதில் தெரிவதால் மறுப்பது அவருக்கும் எளிது, மறுக்கப்படுவது உங்களுக்கும் எளிது. இரண்டு முறை மறுத்து, மாற்று நாளும் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மனத்தாங்கல் வேண்டாம், அடுத்தவரைக் கேளுங்கள்.

வார இறுதிச் சந்தை, அருங்காட்சியகம், வீடு மாறும்போது சாமான் தூக்குவது, மரச்சாமான் பூட்டுவது எல்லாம் நல்ல சாக்கு. உதவி கேட்கலாமா என்று தயங்குகிறவர்கள் முதலில் உதவி செய்துவிட்டுக் கேளுங்கள்.

“ஒரு கோப்பை குடிக்கலாமா?” என்று அவர்கள் கேட்டால்? பல மொழிகளில் இது சேர்ந்து உட்காரலாமா என்பதற்கான வழக்குச் சொல், அவ்வளவுதான். “உட்காரலாம், நான் மது எடுப்பதில்லை, பக்கத்தில் காபிக் கடை இருக்கிறதே” என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டாம். விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் அது விவாதமாகும். கூட்டமாகப் போகிறார்கள், இடம் மாற்ற முடியாது என்றால், உங்களுக்குச் சங்கடமில்லாத பட்சத்தில் சோடாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரலாம். அந்த அரை மணியும் கணக்கில் ஏறும். சங்கடம் என்றால் போகாதீர்கள், மறுநாள் பகலில் ஒருவரை மட்டும் கேளுங்கள்.

கண்ணைத் திறந்து வைத்திருங்கள்

தனியாக இருப்பவரை மோப்பம் பிடிக்கிறவர்களும் உண்டு. முதல் சந்திப்பிலேயே உயிர்த்தோழர் போலப் பேசி, மூன்றாவது சந்திப்பில் ‘வருமான வாய்ப்பு’ பற்றிய கூட்டத்துக்கு அழைப்பவர். குடும்பத்திடம் சொல்லாதே என்று சொல்லும் ஆன்மிகக் குழு. திடீரென்று பணமுடை வந்துவிடுகிற புது நண்பர். மணிக்கணக்கு இங்கேயும் உதவும்: 50 மணி நேரம் ஆகாத எவரும் உங்களிடம் பணமோ கையெழுத்தோ கேட்கக் கூடாது. இணையத்தில் அறிமுகமானவரை முதல்முறை பகலில், பொது இடத்தில் பாருங்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள்.

சொந்த நாட்டுக்காரர்களை ஒதுக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. காய்ச்சல் வந்த அன்று தாய்மொழியில் புலம்ப ஒருவர் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை அவர்களுக்கு, ஒரு மாலை உள்ளூர்க் குழுவுக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

இன்னொன்று. பல குழுக்கள் கோடை விடுமுறையிலும் ஆண்டுக் கடைசியிலும் மூடிவிடும், ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். புதிதாக வந்தவருக்கு மிகக் கனமான வாரங்கள் அவைதான். கடைசி வகுப்புக்கு முந்தைய வகுப்பிலேயே இரண்டு பேரிடம் தொலைபேசி எண் வாங்கி, ஊரில் இருக்கப்போவது யார் என்று கேட்டு, ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். கடைசி வகுப்பில் கேட்கலாம் என்று வைத்தால் பாதிப் பேர் அன்றைக்கு வர மாட்டார்கள்.